நெருப்பில் பிறக்கும் குளிர்

பனி கொட்டும் கனடா நாட்டிலிருந்து ஒருவர், வெயிலில் மண் வெடிக்கும் வன்னியிலே குளிரை உண்டாக்கும் வழி இதுதான் என்று புத்தி சொன்னால், கேட்பவர் சிரிப்பதா, சிந்திப்பதா? சென்ற ஆண்டு ஆனி மாதத்து இரவொன்றில் எமக்கு நேர்ந்த திகைப்பு இது. புத்தி சொன்னவன் வேறு யாருமல்லன், எமது தம்பியே.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஊருக்கு வருவதாகவும், வந்தால் கிளிநொச்சியிலுள்ள எமது வீட்டிலே அடைந்து கிடவாமல், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள குடும்பக் காணியில் இரண்டு கிழமை தங்கவேண்டுமென்றும் அவன் தொலைபேசியிற் கூறினான். அந்தக் காணியை வாசகர்கள் மனக்கண்ணாற் காணவேண்டும். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் வீதியோடு வந்த மின்கம்பி வீதியோடே போய்விட்டது. அங்கிருந்து மணற்பாதையில் ஒன்றரைக் கட்டை தூரம் உள்ளே சென்றால், ஒரு கிணறு, இரண்டு பாலை மரம், சாணமிட்டு மெழுகிய தரையும் கிடுகுக் கூரையும் கொண்ட கொட்டில் ஒன்று. அவ்வளவே.

மின்சாரம் இல்லாத இடத்தில் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டோம். தம்பி சிரித்தான். கனடாவிலே கோடை வந்தால், படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி யாவும் அமைந்த வீட்டு வண்டிகளிலேறிக் காடுகளிற் சென்று நாட்கணக்காகத் தங்கிவருவது பல குடும்பங்களின் வழக்கமாம்.

"அண்ணை, நாங்கள் கறண்ட் இல்லாத இடத்திலை ஒரு கிழமை நிக்கிறனாங்கள். புறோப்பேன் சிலிண்டரிலை ஓடுற பெட்டி ஒண்டிருந்தால் காணும். சத்தமும் இல்லை, கரைச்சலும் இல்லை. அப்பிடியொண்டு பாருங்கோ."

பக்கத்திலிருந்த எமது மூத்த மகன் உயர்தர வகுப்பிலே பௌதிகம் படிப்பவன். அவன் விடவில்லை. "அது பழங்காலத்துச் சாமான், சித்தப்பா. இப்ப சோலாரிலை ஓடுற பெட்டி இருக்கு" என்றான். கடல் கடந்து வழக்குத் தொடங்கிற்று.

குளிர்பானமும் ஐஸ்கிறீமும் மட்டுமே பேச்சாயிருந்தால், இவ்வழக்கை நாம் விளையாட்டாகவே விட்டிருப்போம். ஆனால் அறைக்குள்ளிருந்து எமது அன்னையாரின் குரல் வந்தது: "நானும் வருவன். என்ரை மருந்தை வைக்க இடமிருந்தால் காணும்." அவருக்கு வயது எழுபத்திரண்டு. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி ஏற்றிக்கொள்பவர். திறவாத இன்சுலின் போத்தலை 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடைப்பட்ட குளிரில் வைக்கவேண்டும்; உறையவும் விடலாகாது. எனவே, வாயுப் பெட்டியா, மின்பெட்டியா என்ற வழக்குக்குத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, விஞ்ஞானம் கற்பித்து உண்ணும் எம்மீது விழுந்தது.

நெருப்பை எரித்துக் குளிரைப் பெறுவது எங்ஙனம் என்று மாணவர் பலர் எம்மைக் கேட்பதுண்டு. கிணற்றடியிற் குளித்துவிட்டு ஈர உடம்போடு காற்றில் நின்றவர் யாவரும் அதன் பாதி விடையை அறிவர். திரவம் ஆவியாகும்போது, தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தைக் கவர்ந்துகொண்டு போகிறது. உலகிலுள்ள வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை இந்த ஒன்றுதான். ஆவியாகிப்போன திரவத்தை மறுபடி திரவமாக்கி, மறுபடி ஆவியாக்குவதே பெட்டியின் வேலை. அந்த வேலையை எதைக்கொண்டு செய்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

1922ஆம் ஆண்டில், சுவீடன் நாட்டு ஸ்டொக்ஹோம் நகரில், பல்ற்சார் வொன் பிளாற்றன், கார்ல் முண்டேர்ஸ் என்னும் இரு மாணவர்கள் இந்த வேலையை ஒரு சிறு சுடரைக்கொண்டே செய்துகாட்டினர். அவர்கள் அமைத்த பெட்டியிலே அமோனியா நீரிற் கரைந்திருக்கும். அடியிலே சுடர் எரிய, அமோனியா ஆவியாகி மேலே போகும். பின்புறக் குழாய்களில் வெப்பத்தை விட்டுத் திரவமாகும். ஐதரசன் வாயு நிறைந்த குழாயிற் புகுந்து மறுபடி ஆவியாகும்போது பெட்டியினுள்ளேயுள்ள வெப்பத்தைக் கவரும். பின் கீழே வந்து நீரிற் கரையும். அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. ஆகவே ஓசையும் தேய்வும் இல்லை. எலக்ட்ரோலக்ஸ் கம்பனி அந்த உரிமையை வாங்கி, 1925ஆம் ஆண்டு முதல் இவ்வகைப் பெட்டிகளைச் செய்து விற்றது. சுடர் மண்ணெண்ணெயிலும் எரியலாம், வாயுவிலும் எரியலாம். மின்கம்பி எட்டாத தேசங்களிலெல்லாம் ஆஸ்பத்திரிகளும் தோட்டத்துரைமார் பங்களாக்களும் பல்லாண்டு காலம் நம்பியிருந்தது இந்தச் சுடரைத்தான்.

மின்பெட்டியோ, சுடருக்குப் பதிலாக ஒரு மோட்டாரைக்கொண்டு வாயுவை அமுக்கித் திரவமாக்குகிறது. அமுக்கும் பொறி தேயக்கூடியது, முறியக்கூடியது. ஆயினும் சக்தியைச் சிக்கனமாகச் செலவிடுவது அதுவே. சுடர்ப் பெட்டி, எரிக்கும் வெப்பத்தில் ஏறத்தாழக் கால் பங்களவே குளிராகத் திருப்பித் தரும். மின்பெட்டியோ, தான் உண்ணும் மின்சக்தியைவிடக் கூடுதலான வெப்பத்தைப் பெட்டியிலிருந்து வெளியேற்ற வல்லது.

இனி எமது காணிக்கு வருவோம். தம்பி பரிந்துரைத்த பெட்டியை நாம் முதலில் அன்போடுதான் நோக்கினோம். அத்தகைய சிறு பெட்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 500 கிராம் வரை வாயு போதும். எமது சமையலறையிலுள்ள 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று மூன்றரைக் கிழமைக்குக் குறையாமல் எரியும். மேகம் மூடினாலும் கவலையில்லை. ஆயின் அவன் புறோப்பேன் என்பது ஒன்று. நாம் காஸ் என்பது மற்றொன்று. எமது சிலிண்டரில் இருப்பது புறோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. பியூட்டேன் ஏறத்தாழப் பூச்சியப் பாகையிலேயே திரவமாகிவிடும். புறோப்பேனோ பூச்சியத்துக்குக் கீழ் 42 பாகை வரை வாயுவாக எழும். ஆதலால் கனடாக் குளிருக்குப் புறோப்பேன் வேண்டும்; எமது வெயிலுக்குக் கலவையே போதும். அந்நாட்டுப் பெட்டியை இங்கே கொண்டுவந்து பூட்ட விரும்புவோர், அதன் சுடர்த்துளையும் அழுத்தமும் எமது வாயுவுக்குப் பொருந்துமா என்று தெரிந்தவரைக் கேட்டே பூட்டல் வேண்டும்.

அதைவிடப் பெரிய தடைகள் மூன்று இருந்தன. முதலாவது, வெயில். சுடர்ப் பெட்டி வெளி வெப்பத்தைப் பொறுத்தே குளிரும். பெட்டிகளின் பின்புறத்தில் 'என்' என்று குறித்திருந்தால் 32 பாகை வரையும், 'எஸ்ற்றி' என்றிருந்தால் 38 பாகை வரையும், 'ற்றி' என்றிருந்தால் 43 பாகை வரையும் அது செம்மையாக உழைக்கும் என்பது பொருள். எமது காணியிலே ஆடி மாத நடுப்பகல் 35 பாகையைத் தொடும். குளிர்நாட்டு ஏரிக்கரையில் ஐஸ் கட்டும் பெட்டி, இங்கே வெண்ணெயையும் காக்குமோ என்பது ஐயம். இரண்டாவது, தரை. அசையும் உறுப்பில்லாத அப்பெட்டியிலே திரவம் தன் பாரத்தாலேயே ஓடவேண்டும். பெட்டி சாய்ந்தால் ஓட்டம் தடைப்படும். மெழுகிய மண்தரையிலே நீர்மட்டம் பார்ப்பது எளிதன்று.

மூன்றாவது, கூரை. காய்ந்த கிடுகின் கீழே, சோளகக் காற்று சுழன்றடிக்கும் மாதத்திலே, இரவும் பகலும் ஒரு சுடரை எரியவிட்டு, அதே கொட்டிலில் முதிய தாயையும் பிள்ளைகளையும் உறங்கவைக்க எமக்கு மனம் வரவில்லை. கதவடைத்த சிறு இடத்திலே எரியும் சுடர் நஞ்சு வாயுவையும் உண்டாக்கும். வீட்டு வண்டியிலே பெட்டியின் சுடருக்கென்று வெளிப்புறமாகக் காற்றுவழி அமைத்திருப்பார்கள். எமது கொட்டிலுக்கு அந்த வசதி இல்லை.

எனவே தீர்ப்பு மகன் பக்கம் சாய்ந்தது. நண்பரொருவரிடம் 12 வோல்ற்றில் ஓடும் 40 லீற்றர் மின்பெட்டியொன்றை இரவல் பெற்றோம். வவுனியாவில் 200 உவாற்று சூரியத் தகடு ஒன்றும், 100 அம்பியர்மணிப் பற்றறி ஒன்றும் வாங்கினோம். மகன் கணக்கை எழுதிக் காட்டினான். பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 உவாற்றுமணி உண்ணும். நல்ல வெயிலில் தகடு ஏறத்தாழ 700 தரும். பற்றறியில் பாதியை எடுத்தாலும் 600 கையிருப்பு. கணக்கில் பிழையில்லை என்று நாமும் சிவப்பு மையாற் சரி போட்டோம்.

வாயுவோ மின்சாரமோ, எதையும் முழுதாக நம்பலாகாது என்பதை இந்நாட்டு மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் ஒரு சிலிண்டருக்காக இரவு பகலாக வரிசையில் நின்றதையும், அதே ஆண்டில் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதையும் யார் மறப்பர்? எமது வன்னியிலோ, 1990ஆம் ஆண்டுக்குப் பின் மின்சாரத்தையே காணாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. ஜாம் போத்தலிலே சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த சிக்கன விளக்கின் ஒளியிலேதான் நாமும் க.பொ.த. பரீட்சைக்குப் படித்தோம். ஆயினும் சூரியனை எவரும் தடுக்க முடியாது என்ற நம்பிக்கையோடு வண்டியேறினோம்.

முதல் இரண்டு நாளும் ஆனந்தமாகக் கழிந்தன. பிள்ளைகள் குளத்துக் கட்டிலே ஓடினர். யானை வேலியைக் கண்டு வியந்தனர். எருமைத் தயிரைச் சட்டியோடு தின்றனர். இன்சுலின் போத்தல் இரண்டும் பெட்டியின் நடுத்தட்டிலே, 5 பாகையில், பத்திரமாக இருந்தன. ஆனால் கணக்குக்கு வெளியே சில காரியங்கள் நடந்தன. இரவு வெக்கை தாங்காத பிள்ளைகளுக்காகத் தம்பி சிறு மின்விசிறியொன்றைப் பற்றறியிற் பூட்டியிருந்தான். கைத்தொலைபேசிகள் ஐந்தும் அங்கேயே உயிர் பெற்றன. மூன்றாம் நாள் மாலையில் பன்னிரண்டு பெரிய சோடாப் போத்தல்கள் வெயிற் சூட்டோடு பெட்டிக்குள்ளே போயின. எவரும் குற்றவாளியல்லர், ஒவ்வொருவரும் சிறிதளவே எடுத்தனர். சிறிதுகள் கூடிப் பெரிதாகும் என்பதை வகுப்பறையிற் சொல்லும் நாமே அங்கு விசிறிக் காற்றில் நன்றாக உறங்கினோம்.

விடியற்காலையில் எழுந்து பார்த்தபோது பெட்டி நின்றிருந்தது. திறந்தோம், உள்ளே வெப்பமானி 21 பாகை காட்டிற்று. சோடாப் போத்தல்கள் இருந்தன, மருந்தைக் காணவில்லை. எமக்கு நெஞ்சு திக்கென்றது.

அன்னையார் கிணற்றடியிலே பல் தீட்டிக்கொண்டிருந்தார். எம் முகத்தைப் பார்த்ததும், "பயப்பிடாதை தம்பி. அங்கை கிடக்கு" என்று பாலை மரத்தடியைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய மண்பானை. அதனுள்ளே ஈர மணல். மணலின் நடுவே ஒரு சிறு முட்டி. முட்டிக்குள்ளே பொலித்தீன் பையிற் சுற்றிய இரண்டு போத்தல். மேலே நனைந்த சாக்கு. இரவு மூன்று மணியளவில் பெட்டியின் இரைச்சல் ஓய்ந்ததைக் கேட்டுத் தாமே எழுந்து செய்தாராம். பானையையும் மணலையும் முதல் நாளே ஆயத்தமாக வைத்திருந்தாராம்.

"ஏன் எங்களை எழுப்பேல்லை?" என்று கேட்டோம்.

"எழுப்பி என்ன செய்வியள்? வெய்யிலை வரச்சொல்லுவியளோ?"

அன்று நடுப்பகல் நிழலிலே 35 பாகை. முட்டிக்குள்ளே வெப்பமானியை விட்டுப் பார்த்தோம்: 27 பாகை. மோட்டாரும் இல்லை, சுடரும் இல்லை. மணலிலுள்ள ஈரம் சோளகக் காற்றில் ஆவியாகிக்கொண்டிருந்தது. நாம் மேலே விரித்துரைத்த அதே விதிதான். அடுக்குப் பானையை நைஜீரியாவின் ஆசிரியர் மொகமட் பா அப்பா 1990களில் மரக்கறி காக்கும் கலமாகப் பரப்பிப் பெரும் புகழ் பெற்றார் என்பதை வகுப்பிலே சொல்லியிருக்கிறோம். எமது தாயாரிடம் கேட்டறிந்ததில்லை.

இவ்வளவு வெப்பத்தில் மருந்து கெடாதா என்று வாசகர் வினவலாம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும், கென்யாவிலுள்ள அகதி முகாமொன்றின் வெப்பநிலையை அளந்து நடத்தி, 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, 25 முதல் 37 பாகை வரை ஏறியிறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரம் தன் வலுவை இழக்கவில்லை என்று கண்டனர். ஆயினும் மருந்துக்கு மருந்து வேறுபடும். வீட்டில் நோயாளர் உள்ளோர் தம் வைத்தியரைக் கேட்டே நடத்தல் வேண்டும். நாமும் அன்று தொலைபேசியிற் கேட்டோம்; பானையிலேயே இருக்கட்டும், நான்கு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள் என்றார்.

அன்றிரவு விசிறியின்றி வெளியிலே பாய் விரித்துப் படுத்திருந்தபோது, இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று அன்னையாரைக் கேட்டோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்பான்ரை கால் விரல் ஞாபகமிருக்கோ?" என்றார்.

நினைவிருந்தது. 1997ஆம் ஆண்டு. வன்னிப் பெருநிலம் போர்க்களமாக இருந்த காலம். நாம் இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கத்திலே தங்கியிருந்தோம். தந்தையாரும் இன்சுலின் ஏற்றியவர். அவருடைய வலக்கால் விரலொன்றை அந்த ஆண்டிலே எடுக்க நேர்ந்தது. முள் குத்திய புண் என்றே எமக்கும் தம்பிக்கும் சொல்லப்பட்டிருந்தது.

முள் குத்தியது உண்மைதான். சொல்லப்படாதது வேறு. கடைக்காரர் ஒருவரிடம் பழைய மண்ணெண்ணெய்ப் பெட்டியொன்று இருந்ததாம். மண்ணெண்ணெய் பொன்னாயிருந்த அந்நாளிலும், தந்தையாரின் மருந்துக்காக அவர் அதை எரித்தாராம். ஒரு நாள் மருந்து நன்றாகக் குளிரட்டும் என்று திரியைத் தூண்டிவிட்டு, போத்தல்களை உறைதட்டோடு ஒட்டி வைத்துவிட்டார். மருந்து உறைந்தது. உருகிய பின் பார்வைக்கு முன்போலவே இருந்ததால் அதையே ஊசியில் ஏற்றினார்கள். பலனில்லை. வேறு மருந்து கைக்கு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளிலே முள் குத்திய புண் பெரும் புண்ணாயிற்று. அதன் பிறகுதான் முதிய தாதியொருவர் பானையும் மணலும் வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தாராம்.

"ஏனம்மா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று தம்பி கேட்டான். அவன் குரல் கம்மியிருந்தது.

"அந்த மனிசன் உதவி செய்தவர். அவரிலை பிழை வரக்கூடாதெண்டு அப்பா சொல்லிப்போட்டார். கடைசி மட்டும் அவருக்கே தெரியாது."

தந்தையார் இன்று இல்லை. சுடரைத் தூண்டிய அந்த நல்ல மனிதரும் இல்லை. பாலை மரத்தின் மேலே நட்சத்திரங்கள் நிறைந்திருந்தன. நாம் நெடுநேரம் உறங்கவில்லை.

மறுநாள் கணக்கைத் திருத்தி எழுதினோம். விசிறி கழற்றப்பட்டது. சோடாப் போத்தல்கள் கிணற்றுக்குள்ளே வாளியில் இறங்கின. மீன் காலையில் வாங்கி மதியமே முடிந்தது, மிஞ்சியது கருவாடாயிற்று. பெட்டியிலே நீர் நிறைத்த போத்தல்கள் சிலவற்றை வைத்துப் பகல் வெயிலிலே குளிரவைத்தோம். இரவில் அவை குளிரைக் காத்தன. பற்றறியில்லாமலே நேரே சூரியத் தகட்டில் ஓடும் தடுப்புமருந்துப் பெட்டிகள் செய்வதும் இதுவே: மின்சாரத்தைச் சேமிப்பதற்குப் பதில் குளிரையே ஐஸாகச் சேமிக்கின்றன. எஞ்சிய நாட்களில் பெட்டி ஒருமுறையும் நிற்கவில்லை. பானையும் மரத்தடியை விட்டு அசையவில்லை.

எந்தப் பெட்டி சிறந்தது என்று எம்மை இன்று கேட்போர்க்கு இதையே சொல்வோம். கல்வீடும், நல்ல காற்றோட்டமும், மட்டமான தரையும், தவறாது கிடைக்கும் சிலிண்டரும், மழைமூட்டமும் உள்ள இடமாயின் வாயுப் பெட்டி உதவும். வெயிலில் உழைக்கும் தரமா என்று பார்த்து வாங்குக. கிடுகுக் கூரையும் கொளுத்தும் வெயிலுமாயின் சூரியத் தகட்டில் ஓடும் மின்பெட்டியே நன்று. இரண்டிலும் ஓடும் பெட்டியென்று சொல்லி விற்பதை வாங்கி, அதைச் சூரியத் தகட்டிற் பூட்டி ஏமாறற்க. அது மின்சாரத்தையும் நெருப்பாக்கியே குளிரைத் தருவது, பற்றறியை விரைவிலே குடித்துவிடும். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக, எது குளிரிலே இருந்தேயாக வேண்டும், எது இல்லாவிட்டாலும் ஆகும் என்று ஒரு தாளில் இரண்டு நிரல் எழுதுக. முதல் நிரலில் இருப்பதற்கு, பெட்டி நின்றால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிட்டே கடைக்குப் போகுக.

தம்பி குடும்பத்தோடு திரும்பிப்போய் ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். வீட்டு வண்டியின் புறோப்பேன் பெட்டி நன்றாக ஓடுகிறதாம். ஆனால் வண்டியின் ஒரு மூலையிலே இரண்டு பூச்சட்டிகளும் ஒரு பை மணலும் புதிதாக ஏறியிருக்கின்றனவாம். ஏனென்று அயலவர் கேட்டால், மூத்த பிள்ளை ஆங்கிலத்திலே விளக்கம் சொல்கிறதாம்.

அன்னையாரிடம் சொன்னோம். "மணலை நனைக்க மறக்கவேண்டாமெண்டு சொல்லு" என்றார்.